மே குஸ்தா – எனக்குப் பிடிக்கும்



காலை காபி முடிந்ததும் தினமும் அரை மணி நேரம் மயிலாப்பூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஸ்பானிஷ் படிக்கிறேன். சிரிக்காதீர்கள்! அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்குப் பள்ளியில் அதுதான் இன்னொரு மொழிப் பாடம். அவளுக்குத் துணையாக நானும் சேர்ந்துகொண்டேன்.

அவளைத் திணற வைத்தது 'குஸ்தார்' என்ற வினைச்சொல். 'ஐ லைக் காபி' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் தவறாகிவிடும். 'மே குஸ்தா எல் கஃபே' என்றுதான் சொல்ல வேண்டும். 'மே' என்றால் 'எனக்கு'. எனக்குக் காபி பிடிக்கும்! நம்முடைய நான்காம் வேற்றுமைதான். உனக்கு என்றால் 'தே'. அவனுக்கு, அவளுக்கு இரண்டுக்கும் 'லே'. எங்களுக்கு, நமக்கு இரண்டுக்கும் 'நோஸ்'. தி.நகர் இந்திப் பிரச்சார சபாவின் தேர்வுகளை எழுதியவர்களுக்கு 'முஜே காபி பசந்த் ஹை' நினைவுக்கு வரும். அதுவும் இதே வகைதான்.

ஆர்வத்தைச் சொல்லவும் இதே வழிதான்: 'மே இன்தெரேசா லா இஸ்தோரியா', எனக்கு வரலாற்றில் ஆர்வம் உண்டு. வலிக்கும் இப்படியே: 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஸ்பானிஷில் பிடித்த பொருள்தான் எழுவாய். அது பன்மையானால் வினையும் பன்மையாகும். காபிக்கு 'குஸ்தா'; புத்தகங்கள் என்றால் 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்'. நம் 'பிடிக்கும்' இரண்டுக்கும் பொது. ஆனால் 'தலை வலிக்கிறது', 'கால்கள் வலிக்கின்றன' என்று எழுதுகிறோமே, அதே கணக்குதான். இதைச் சொன்னதும், "இவ்வளவுதானா பாட்டி?" என்றாள்.

இதை எழுதக் காரணம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் உங்களில் சிலர், "குழந்தை குழம்பிப்போகும்னு வீட்டில் தமிழ் பேசுறதையே நிறுத்திட்டோம் டீச்சர்" என்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். 'எனக்குப் பசிக்குது', 'எனக்கு வேண்டாம்' என்று இரண்டு வயதில் அடம்பிடித்த குழந்தைக்கு, இந்த வாக்கிய அமைப்பு ஏற்கெனவே தெரியும். அதை எடுத்துக்காட்ட நீங்கள் ஸ்பானிஷ் படித்திருக்க வேண்டியதில்லை. தமிழ் மீடியத்தில் படித்தோமே என்று கூச்சப்படவும் வேண்டாம். அந்தப் படிப்பு இப்போது உங்கள் பிள்ளைக்கு உதவும்.

பழக்கதோஷம், வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடிக்க மனம் வரவில்லை. பிடித்த பொருள் ஒன்றையும், பிடித்த பொருள்கள் பலவற்றையும் வைத்து இரண்டு வாக்கியம். முதலில் தமிழில், பிறகு ஸ்பானிஷில். பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்