இழுவை வீடும் ஏழு நாள் விடுமுறையும்

திருப்பூர் நகரம் மௌனமாயிருப்பதை நேயர்கள் எப்போதாவது கேட்டதுண்டா? மௌனத்தை எப்படிக் கேட்பது என்று நகைக்க வேண்டாம். வருஷம் முழுவதும் நிட்டிங் மெஷின்களின் இரைச்சலும், ஓவர்லாக் மெஷின்களின் படபடப்பும், சரக்கு ஏற்றிச் சந்துக்குச் சந்து நுழையும் வண்டிகளின் ஹாரன் ஓசையும் காதில் விழுந்தபடியே இருக்கும் ஊர் இது. தீபாவளியன்று இரவு பட்டாசுச் சத்தமும் ஓய்ந்த பிற்பாடு இங்கே ஒரு நிசப்தம் உண்டாகிறது. போனஸ் வாங்கிய தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுக்களுடன் சொந்த ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். கம்பெனிக் கதவுகளில் பூட்டுத் தொங்கும். ரயிலடிக்கு அருகே, 1932-ல் கையில் பிடித்த கொடியை விடாமல் அடிபட்டு உயிர் நீத்த குமரனின் நினைவிடத்தண்டை நின்றால், காக்கை கரைவது கூடத் தெளிவாகக் கேட்கும். பனியன் தொழிலை நம்பிய குடும்பங்களுக்கு ஒன்று சேர்ந்தாற்போல் வாய்க்கும் விடுமுறை அந்த ஒரு வாரந்தான்.

சென்ற வருஷம் அந்த வாரத்தை எப்படிக் கழிப்பது என்று தீர்மானிக்க நம் வீட்டில் ஒரு மகாசபை கூடிற்று. சபைக்கு வித்திட்டது ஒரு குழந்தைச் சட்டை. நம் தமையனாரின் புதல்வன் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் உத்தியோகம் பார்க்கிறான். அமெரிக்க ஆர்டர் ஒன்றுக்காக அச்சடித்த டீ-ஷர்ட் மாதிரி ஒன்றை அவன் வீட்டுக்குக் கொண்டு வந்தான். அதில் பனி மூடிய மலைகள், ஊசியிலை மரங்கள், நடுவே ஒரு மோட்டார் கார். காரின் பின்னால் கொக்கி போட்டு மாட்டிய ஒரு சிறு வீடு!

"சித்தப்பா, இந்த மாதிரி ஒன்றை நாமும் வாடகைக்குப் பிடித்தால் என்னுங்க? சமையல், படுக்கை எல்லாம் அதிலேயே. மலை மலையாகப் போய் வரலாமுங்க" என்றான்.

குழந்தைகள் கைகொட்டினார்கள். எழுபத்தெட்டு வயதான நம் தாயார் மட்டும் சட்டையை வாங்கி வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "வீட்டையே இழுத்துக்கிட்டுப் போறதுன்னா அப்புறம் ஊருக்கு எதுக்குடா போகோணும்?" என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்விக்கு அமெரிக்கர்கள் என்ன விடை வைத்திருக்கிறார்களோ, நாம் அறியோம். ஆனால் அவர்களுடைய தேசம் அதற்கு ஏற்றதாய் அமைந்திருக்கிறது என்பது வாஸ்தவம். 1872-ல் எல்லோஸ்டோன் பிரதேசத்தை உலகின் முதல் தேசியப் பூங்காவாக ஒதுக்கிய நாடு அது. பூங்காக்களுக்குள்ளேயே இழுவை வீடுகளை நிறுத்த இடம் வகுத்திருக்கிறார்கள். அங்கேயும் எல்லா மலைப் பாதைகளும் அவற்றை ஏற்பதில்லை. மொன்டானாவில் உள்ள கிளேசியர் பூங்காவின் புகழ்பெற்ற மலைச் சாலையில், உயரமான பகுதிக்கு 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளை, பின்னால் மாட்டிய வீட்டையும் சேர்த்து அளந்து, விடுவதில்லை.

நம் பக்கத்து மலைகளுக்கு வருவோம். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுவதற்குள் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 40. எதிரே பஸ் வந்தால் நம் வண்டி ஓரங்கட்டி நின்று வழிவிட வேண்டும். பின்னால் ஒரு வீட்டையும் கட்டிக்கொண்டு அந்த வளைவில் பின்னோக்கி நகர்வதென்றால், ஓட்டுகிறவருக்கு மட்டுமன்றி உள்ளே இருப்பவர்களுக்கும் வைராக்கியம் வேண்டும். தவிரவும், புலிகள் காப்பகத்துக்குள் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி அடுப்பு மூட்டச் சட்டம் இடங்கொடாது. கேரள அரசாங்கம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு திட்டம் அறிவித்து, மறு வருஷம் வாகமனில் முதல் கேரவன் பூங்காவும் திறக்கப்பட்டது. அவை பெரும்பாலும் இழுவை வீடுகளல்ல. வீடாக மாற்றப்பட்ட வேன்கள். பதினொரு பேர் அடங்கிய நம் குடும்பத்துக்கு அப்படிப்பட்ட வீடு மூன்று வேண்டும்! ஆகவே, பதினான்கு பேர் அமரும் வாடகை வேன் ஒன்றே போதுமென்று சபை ஏகமனதாய்த் தீர்மானித்தது.

ஏகமனதாய் என்று எழுதிவிட்டோம். ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் நம் தமையனார்.

அவரைப் பற்றி இங்கே சொல்லாமல் தீராது. நொய்யல் கரையோரத்தில் அவர் ஒரு சிறு சாயப் பட்டறை வைத்திருந்தார். நம் ஊர்ச் சாயப் பட்டறைகளின் கழிவு நீர் நொய்யலைக் கெடுத்து, கீழே ஒரத்துப்பாளையம் அணை வரையில் தேங்கி, குடியானவர்களின் கிணறுகளையும் வயல்களையும் பாழாக்கியது ஊரறிந்த சங்கதி. கழிவு ஒரு சொட்டும் வெளியே போகாதபடி சுத்திகரிக்க முடியாத பட்டறைகளை மூட வேண்டுமென்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிற்பாடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீர்திருத்தப்பட்டுப் பல பட்டறைகள் திரும்ப இயங்கின. சிறிய பட்டறைகள் பல திறக்கவே இல்லை. தமையனாருடையது அவற்றுள் ஒன்று. "தீர்ப்பு நியாயமானதுதான்" என்று அவரே சொல்வார். அதன் பின் இன்னொருவர் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். நொய்யல் பாலத்தைக் கடக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். ஒவ்வொரு தீபாவளிக்கும், "கம்பெனிக்கு யாராவது காவல் இருக்கோணும், நீங்க போய் வாங்க" என்று தங்கிவிடுவார். இப்படியே மூன்று பிரயாணங்கள் அவர் இல்லாமல் நடந்துவிட்டன.

இம்முறை தாயார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். "பெரியவன் வந்தா நான் வாரேன். இல்லாட்டி நானும் இங்கேயே இருக்கறேன். எனக்கு இதுதானப்பா கடைசி மலை." தமையனார் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பிரயாணம் அந்தரத்தில் நின்றது.

நின்றாலும் திட்டம் போடுவதைக் குழந்தைகள் விடவில்லை. கட்டிங் மாஸ்டர் கழித்துப்போட்ட பேட்டர்ன் அட்டை ஒன்றின் பின்புறத்தில் ஊர்களின் பெயர்கள் ஏறத் தொடங்கின. எடுத்த எடுப்பில் உதகை, முதுமலை, பந்திப்பூர், டாப்ஸ்லிப், பரம்பிக்குளம், இரவிகுளம் என்று அட்டை நிரம்பிவிட்டது. ஏழு நாட்களில் இத்தனையும் பார்ப்பதானால் வேனின் ஜன்னலைத்தான் பார்க்கலாம். மலையைப் பார்க்க முடியாது. ஒவ்வொன்றாய் அடிக்க வேண்டியதாயிற்று.

உதகை போக இப்போது இ-பாஸ் முறை உண்டு. உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் அது தொடங்கிற்று. மலையும் எத்தனை பேரைத்தான் தாங்கும்? முதுமலையைத் தாண்டிப் பந்திப்பூர் செல்லும் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரையில் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. வனவிலங்குகள் இரவில் நிம்மதியாகச் சாலையைக் கடக்க வேண்டுமல்லவா? அந்தத் திசையை இன்னொரு வருஷத்துக்கென்று ஒதுக்கினோம்.

டாப்ஸ்லிப்பை அடிப்பதற்குத்தான் மனம் வரவில்லை. அக்காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சரியவிட்டதனால் ஏற்பட்ட பெயர் அது. மொட்டையடிக்கப்பட்ட அந்தச் சரிவுகளில் தேக்கை மறுபடி தழைக்கச் செய்த வன அதிகாரி ஹ்யூகோ வுட் 1933-ல் காலமாகி அந்தக் காட்டிலேயே அடக்கமாகியிருக்கிறார். கெட்டுப்போன ஒன்றை மனிதன் திருத்தவும் கூடும் என்பதற்கு அங்குள்ள மரங்களே சாட்சி. இருந்தாலும் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாக ஏறித் திரும்ப அதே வழியில்தான் இறங்க வேண்டும், நாள் போதாது.

கடைசியில் அட்டையில் நின்றது ஒரே பாதை: பல்லடம், உடுமலைப்பேட்டை, அமராவதி, சின்னாறு, மறையூர், மூணாறு, இரவிகுளம். இந்தப் பாதையில் ஒரு விசேஷம் உண்டு. 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமான போது உடுமலைப்பேட்டையும் அமராவதி மலைக் காடுகளும் நம் மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டன. பனியனுக்குப் பேர்போன மாவட்டத்துக்குள்ளேயே ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியும் இருக்கிறது! யானையும் காட்டெருமையும் நம் ஜில்லாவாசிகள் என்று கேட்டதும் குழந்தைகளுக்கு உண்டான பெருமையைச் சொல்லி முடியாது.

காலமும் பொருந்தி வந்தது. இரவிகுளத்தில் வரையாடுகள் குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். சங்க நூல்கள் வருடை என்று கூறும் அந்த ஆடுதான் நம் மாநில விலங்கு. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரவிகுளம் 1975-ல் சரணாலயமாகவும் 1978-ல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. தென்னாட்டில் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2695 மீட்டர், அதன் எல்லைக்குள்தான் நிமிர்ந்து நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மலைச் சரிவையே நீலமாக்கும் குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்தது 2030-ல். "அதையும் பார்த்துட்டுத்தான் போவேன்" என்று தாயார் சொன்னதும், கடைசி மலை என்று அவர்கள் முன்பு சொன்னது தந்திரமே என்று நமக்குப் புலப்பட்டது!

தீபாவளிக்கு நான்கு நாட்கள் இருக்கையில் ஓர் இரவு நாம் குழந்தைகளுக்கு ஆறுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனைமுடிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் பாம்பாறு மறையூர் வழியாக வந்து, தூவானம் அருவியாய் விழுந்து, கூட்டாறு என்னுமிடத்தில் சின்னாற்றோடு கலக்கிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் கபினி, பவானி, பாம்பாறு என்று மூன்றே. அந்தத் தண்ணீர்தான் நம் எல்லைக்குள் அமராவதி ஆகி, 1957-ல் கட்டிய அணையில் தேங்கி, தாராபுரம் தாண்டிக் கரூர் அருகே காவேரியை அடைகிறது. வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யலும் கரூர்ச் சீமையில்தான் காவேரியில் சேருகிறது. இரண்டும் மலை பெற்ற பிள்ளைகளே.

"கரூரில் அதுக்கும் சாயம் போட்டுட்டோம்" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. தமையனார் அவ்வளவு நேரமும் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒருவரும் பேசவில்லை. மறுநாள் காலையில் பேட்டர்ன் அட்டையில் "சின்னாறு" என்ற பெயருக்குப் பக்கத்தில் புதிதாய் ஒரு வரி காணப்பட்டது: "கூட்டாறு – அரை மணி நேரம்." கையெழுத்து நம் தமையனாருடையது. கம்பெனிக் காவலுக்கு வேறு ஆள் ஏற்பாடாயிற்று.

பிரயாணத்தைப் பற்றி விரிக்கப் போவதில்லை. தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் புறப்பட்டது. அண்ணி கட்டிய புளிச்சாதம் பல்லடம் தாண்டுமுன் பாதி தீர்ந்தது. அமராவதி முதலைப் பண்ணையில் வாயைத் திறந்தபடி அசையாதிருந்த முதலையைச் சின்னப் பெண் பொம்மை என்றே சாதித்தாள். அன்றிரவு உடுமலையில் தங்கி, மறுநாள் ஒன்பதாறு சோதனைச் சாவடியைக் கடந்து சின்னாற்றை அடைந்தோம். மழை மறைவுப் பிரதேசமாதலால் அங்கே முட்காடும் கற்றாழையுமே அதிகம். நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற அணிலும் வாழும் காடு. தாயாரும் அண்ணியும் சாவடியருகே தங்க, வனத்துறை வழிகாட்டியான முதுவர் ஒருவரின் பின்னால் மற்றவர்கள் நடந்தோம்.

கூட்டாற்றில் அவர் காட்டிய ஆழமில்லாத இடத்தில், கூழாங்கற்கள் ஒவ்வொன்றும் தெரியும்படி தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தமையனார் வேஷ்டியை மடித்துக் கட்டிக் குனிந்து இரு கைகளாலும் அள்ளினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பட்டறையில் சாய நீரைப் பார்ப்பது போல் வெகு நேரம் பார்த்தார். பிறகு ஒரு வாய் குடித்தார்.

"நல்ல மெது தண்ணி. இதில் சாயம் போட்டால் ஷேடு ஒரே சீராப் பிடிக்கும்" என்றார். மகன் திகைத்து அவர் முகத்தைப் பார்த்தான்.

"போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மிச்சத் தண்ணீரை மெல்ல ஆற்றிலேயே விட்டார்.

அரை மணி நேரம் என்று அட்டையில் எழுதியிருந்தது. வழிகாட்டி மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் நாங்கள் அங்கிருந்து கிளம்பினோம். இரவிகுளத்தில் வரையாடுகளைக் கண்டோம். மூணாற்றுச் சாலைகளில் உலாவும் படையப்பா என்ற ஒற்றை யானையைக் காணாமலே திரும்பினோம். ஊர் வந்து சேர்ந்த மாலையில் வேன் நொய்யல் பாலத்தின் மேல் ஏறிற்று. தமையனார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.