தில்லியில் மார்கழி இரவு

அரையாண்டு விடுமுறையில் தில்லிக்குப் போகிறவர்கள் செங்கோட்டை, குதுப்மினார், ஆக்ரா என்று திட்டம் போடுவார்கள். இந்த முறை நான் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட இரவுகளைத் தெருவில் படுத்திருப்பவர்களுக்கென்றே ஒதுக்கிக்கொண்டு போனேன். தில்லியிலேயே வளர்ந்த தமிழ் நண்பர் ஒருவர், குளிர்காலத்தில் வீடற்றவர்களைத் தேடிப்போய் உதவும் குழுவில் இருக்கிறார். அவர்களோடு வேனில் எனக்கும் இடம் கிடைத்தது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு காஷ்மீரி கேட்டில் இருந்து கிளம்புவோம். யமுனா பஜார் அனுமார் கோயில், நிகம்போத் காட் சுடுகாடு, ஜாமா மசூதியை ஒட்டிய மீனா பஜார், ஆசஃப் அலி சாலை, தில்லி கேட் என்று வண்டி மெதுவாகப் போகும். ஐந்தாறு டிகிரி குளிர். மூடுபனியில் தெருவிளக்கு மங்கிக் கிடக்கும். கடைகள் அடைத்த பிறகு நடைபாதை முழுக்க, தலையோடு கால் இழுத்துப் போர்த்திய மனிதர்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தில்லியின் வீடற்றோர் ஏறத்தாழ 47,000 பேர். களத்தில் வேலை செய்பவர்கள் உண்மையில் அதைவிடப் பல மடங்கு என்கிறார்கள். இவர்களைப் பிச்சைக்காரர்கள் என்று நினைத்துக் கடந்துபோகிறோம். பெரும்பாலோர் உழைப்பாளிகள். காரி பாவ்லி மசாலாச் சந்தையில் மூட்டை சுமப்பவர்கள், சதர் பஜாரில் தள்ளுவண்டி இழுப்பவர்கள், ரிக்‌ஷா மிதிப்பவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கல்யாண விருந்துகளில் பாத்திரம் கழுவுகிறவர்கள்.

குளிர் இவர்களை இரண்டு பக்கமும் அடிக்கிறது. டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை வட இந்தியாவில் ‘கர்மாஸ்’. நம் மார்கழியேதான், அங்கேயும் அந்த மாதத்தில் முகூர்த்தம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் பந்தல் இல்லை, பாத்திரம் இல்லை, கூலியும் இல்லை. போதாக்குறைக்கு, காற்று மாசு கடுமையானால் அரசு கட்டுமானப் பணிகளை நிறுத்திவிடும். மாசைக் குறைக்க அது தேவைதான். ஆனால் சித்தாள் வேலையும் அதோடு நின்றுபோகிறது. குப்பையைக் கொளுத்திக் குளிர்காயவும் அதே காரணத்தால் தடை. உடம்புக்குச் சூடு அதிகம் வேண்டிய மாதத்தில்தான் கையில் காசு இருப்பதில்லை.

ஆசஃப் அலி சாலையில் ஒரு முதியவர் விழித்தே உட்கார்ந்திருந்தார். பீகார்க்காரர். நண்பர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “சாச்சா, ரெயின் பசேராவுக்கு வாங்க, வண்டி இருக்கு” என்றார். அரசின் இரவுத் தங்குமிடத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

“வேண்டாம் பேட்டா. விடியுமுன்னே மூட்டை தூக்க ஆள் கூப்பிட இங்கதான் வருவாங்க. நான் இங்க இல்லேன்னா நாளைக்குக் கூலி போச்சு.”

அவர் மேலிருந்த சாம்பல் நிறக் கம்பளியைத் தொட்டுப் பார்த்தேன். பழைய ஸ்வெட்டர்களை நார் நாராகப் பிரித்துப் பானிப்பத்தில் நெய்வது. தானமாகத் தருகிறவர்கள் அதிகம் வாங்குவதும் அதைத்தான். மேல்பக்கம் பனியில் ஊறிச் சொதசொதவென்று இருந்தது. உள்பக்கம்தான் கொஞ்சம் கதகதப்பு. பகலில் அதைச் சாக்கில் கட்டி, ஒரு டீக்கடைக்காரரிடம் காசு கொடுத்து வைத்துவிட்டுப் போவாராம். போர்வை இல்லாதவர்கள் பழைய தில்லியில் இரவுக்கு வாடகை கொடுத்து ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வையை எடுக்கிறார்கள். ‘இன்னொரு கம்பளி வேண்டுமா’ என்று கேட்டதற்குத் தலையாட்டி மறுத்தார். “எங்க வைக்கிறது? காலுக்கு உறை இருந்தா குடுங்க. மேல போட பிளாஸ்டிக் ஷீட் இருக்கா?” இரண்டும் வண்டியில் இருந்தன. இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தக் குழு தன் சாமான் பட்டியலையே மாற்றியிருக்கிறது.

தங்குமிடத்துக்கு வராததற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் உண்டு. ரிக்‌ஷாவை வெளியே விட்டால் காலையில் இருக்காது என்கிறார் ஒருவர். மனைவி ஒரு கூடத்தில், தான் ஒரு கூடத்தில் என்று பிரிந்து படுக்க மனமில்லை இன்னொருவருக்கு. இந்தக் காரணங்களைக் காதுகொடுத்துக் கேட்பவர்கள் குறைவு.

அந்தத் தங்குமிடங்களும் சும்மா வரவில்லை. 2009 டிசம்பர் கடுங்குளிரில் பூசா சாலை ரவுண்டானாவில் இருந்த தற்காலிகக் கூடாரத்தை மாநகராட்சி அகற்றியது. குளிரில் உயிர் போன செய்தி வெளியானதும் தில்லி உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2010-இல் உச்ச நீதிமன்றமும் தலையிட்டது. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், அதுவும் ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தில்லி நகர்ப்புற உறைவிட மேம்பாட்டு வாரியம் இன்று ஏறத்தாழ 200 தங்குமிடங்களை நடத்துகிறது. நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை கூடுதலாகக் கூடாரங்களும் போடுவார்கள்.

ஜாமா மசூதிப் பக்கம் அப்படியொரு தங்குமிடமான தகரக் கொட்டகைக்குள் போனேன். வாசலில் பதிவேடு, பெயர், வயது, ஊர். உள்ளே நெருக்கி விரித்த மெத்தைகள். தோளோடு தோள் உரசிப் படுத்திருந்தார்கள். நெருக்கடிதான். ஆனாலும் பனி விழவில்லை, காற்று அறையவில்லை, யாரும் எட்டி உதைத்து எழுப்பவில்லை. அசந்து தூங்கினார்கள்.

விடுமுறையில் உதவ நினைப்பது நல்ல மனம். காரை நிறுத்தி ஆளுக்கொரு கம்பளி போட்டுவிட்டுப் போகிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இரவில் அதுவும் ஒரு உயிரைக் காக்கலாம். ஆனால் கொடுக்குமுன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, தங்குமிடக் குழுவுக்குத் தகவல் சொல்லுங்கள். அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. மண்டியும் சந்தையும் இருக்கிற தெருவிலேயே தங்குமிடம் வேண்டும். ரிக்‌ஷா நிறுத்த இடம், சாக்குப்பையை வைக்கப் பூட்டுள்ள பெட்டி, குடும்பம் சேர்ந்து படுக்க ஒரு அறை வேண்டும். இவை இருந்தால் அந்த பீகார்ப் பெரியவரை யாரும் வருந்தி அழைக்க வேண்டியதில்லை. அவரே நடந்து வந்து படுத்துக்கொள்வார். மார்ச் 15-க்குப் பிறகும்.