வாங்காமல் போகிறவர்

பிளஸ் டூ முடித்த பிள்ளை பி.காம். மார்க்கெட்டிங் மேனேஜ்மென்ட் சேரப்போகிறேன் என்று சொன்னால், மயிலாப்பூர் வீடுகளில் இன்றும் வரும் முதல் கேள்வி, "பையைத் தூக்கிண்டு வீடு வீடாப் போறதுக்கு மூணு வருஷப் படிப்பா?" என்பதுதான். சித்தப்பா சி.ஏ. எழுதச் சொல்வார். அத்தை பேங்க் பரீட்சைக்கு இப்போதே கோச்சிங் விசாரிப்பார். பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். விற்பனை வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில், அந்தப் பிள்ளையிடமும் அதைப் பெற்றவர்களிடமும் கொஞ்சம் பேச நினைக்கிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் சில கல்லூரிகளில் இது தனிப் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. கணக்குப் பதிவியல், வணிகச் சட்டம், புள்ளியியல் எல்லாம் மற்ற பி.காம். போலவே உண்டு; கூடவே நுகர்வோர் நடத்தை, விளம்பரம், சில்லறை வணிகம் என்று வரும். பேச்சுச் சாமர்த்தியம் சொல்லித்தரும் வகுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 1902இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஜோன்ஸ் இத்துறையின் முதல் பாடங்களில் ஒன்றைத் தொடங்கியபோது அவர் எடுத்துக்கொண்டது வேறு: ஒரு சரக்கு எந்தெந்தக் கைகள் மாறி வாங்குபவரிடம் போய்ச் சேருகிறது, அதை எப்படித் தரம் பிரிக்கிறார்கள் என்பது. ஊரைக் கவனித்துப் பார்க்கும் படிப்பாகத்தான் இது பிறந்தது.

கடைக்கு வந்து வாங்குகிறவரை எல்லா வியாபாரிக்கும் தெரியும். வாங்காமல் போகிறவர் யார், ஏன் வாங்கவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் படிப்பு வேண்டும். என் வேலைக்காலம் முழுவதும் திரும்பத் திரும்ப எனக்குத் தெரிந்த விஷயம் இது.

லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்கிறவர்கள் அந்தப் பெயருக்குரியவரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனைத் தொடங்கினார். பிறகு சென்னைக்கு வந்தார். முன்பின் கேள்விப்படாத தைலத்தைக் காசு கொடுத்து வாங்கி யார் நெற்றியில் தடவுவார்கள்? சங்கீதக் கச்சேரிகளில் அதை இலவசமாகக் கொடுத்தார். கச்சேரிக்கு வருகிறவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார், தடவிப் பார்க்க அவகாசம் உண்டு, வாசனை பக்கத்து நாற்காலிக்கும் போகும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவருடைய அறிவு இருக்கிறது என்பேன்.

இன்னொன்று கடலூரில் தொடங்கிய கதை. ஷாம்பு பாட்டில் விலை கட்டுப்படியாகாத வீடுகளை நினைத்து, அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்துக் கொடுக்க முயன்றவர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயுடன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து வந்து சிக் ஷாம்புவைத் தொடங்கினார். ஷாம்பு என்றால் என்னவென்றே தெரியாத கிராமங்களுக்கு அவருடைய ஆட்கள் போய், பையன்களின் தலையில் தேய்த்துக் குளிப்பாட்டி, கூட்டத்தை முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகரவும் சொன்னார்கள். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டுகளைச் சேர்த்துக் கொண்டுவந்தாலும் சிக் பாக்கெட் இலவசம் என்றார். பழக்கம் பிடித்ததும், சிக் காலிப் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார். மல்லிகை வாசனையிலும் ஷாம்பு வந்தது. தலையில் பூ வைக்கும் பெண்கள் உள்ள ஊரில் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அந்த முயற்சிதான் வளர்ந்து இன்று சென்னையில் கெவின்கேர் நிறுவனமாக நிற்கிறது.

தி.நகரின் ஆடித் தள்ளுபடியும் இதே வகைதான். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஜவுளிக்கு ஆள் வராது. வராதவரை வரவைக்க வந்தது தள்ளுபடி.

நாகேஸ்வர ராவ் மார்க்கெட்டிங் பட்டம் வாங்கவில்லை, ரங்கநாதன் படித்தது வேதியியல், பிறகு இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பது நியாயம். அவர்களுக்குக் கண் இருந்தது. ஒரு தடவை பலித்தது ஏன் பலித்தது, அடுத்த ஊரில் பலிக்குமா என்று சோதித்துப் பார்க்கிற முறையைப் படிப்பு தரும். கண்ணும் முறையும் சேர்ந்த பிள்ளைகள் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆனால் அந்த முறையைப் பிள்ளைகள் எப்படிப் பழகுகிறார்கள்? இது எனக்கு உண்மையான கவலை. கடைசி வருஷ ப்ராஜெக்ட் என்றால் ஒரு கூகுள் ஃபார்ம் தயாராகிறது, வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது, நண்பர்கள் பஸ்ஸில் வரும்போதே நிரப்பிவிடுகிறார்கள். அழகான வண்ணப்படத்தோடு ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போய்விடுகிறது. அதில் இருப்பது ஒரே வயதுக்காரர்கள், ஒரே மாதிரி போன் வைத்திருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை தி.நகர் ரங்கநாதன் தெருவில் நின்று நூறு பேரைக் கேட்டாலும், கூட்டத்துக்குப் பயந்து அந்தப் பக்கமே வராதவர் அதில் இருக்க மாட்டார். அடையாறு அடுக்குமாடியில் போனிலேயே மளிகை ஆர்டர் செய்கிறவரும், நொச்சிக்குப்பத்தில் அன்றாடச் செலவுக்கு அன்றாடம் வாங்குகிறவரும் ஒரே தாளில் வந்தால்தான் அது ஊரின் படம்.

மாட வீதிக் காய்கறிக் கடை ஓரமாக, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்கிறார்கள், விலை கேட்டதும் கால் கிலோவாகக் குறைக்கிறார்களா, எதைப் பார்த்ததும் நகர்ந்துவிடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போய்ப் பணிவாகக் கேளுங்கள். "விலை ஜாஸ்தி" என்று சொல்கிறவர்கள் பலருக்கு உள்ளே வேறு காரணம் இருக்கும். வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்காது, தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாது. இந்தக் காரணங்கள் ஃபார்மில் தானாக வந்து விழாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாங்காதவர்களில் ஒரு பகுதிக்கு அந்தப் பொருள் வேண்டவே வேண்டாம். அவரிடம் ஆசையைத் தூண்டிக் கடனில் வாங்க வைப்பதும் இன்று திறமை என்று கொண்டாடப்படுகிறது. எனக்கு அது சம்மதமில்லை. ஏழை வீட்டுக்குள் ஷாம்புவைக் கொண்டுசேர்த்த அதே பாக்கெட், பல அடுக்குப் பிளாஸ்டிக்காக அடையாற்றிலும் கூவத்திலும் கிடப்பதையும் வகுப்பில் பேசியாக வேண்டும். சாமான் கைமாறிய பிறகு நடப்பதும் பாடத்தில் அடக்கம்.

ஆகவே ப்ராஜெக்ட் எழுதும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அட்டவணையில் 'வாங்கத் தேவையில்லாதவர்' என்று ஒரு பத்தி போடுங்கள். அதில் எத்தனை பேர் விழுந்தாலும் எண்ணிக்கையைக் குறைக்காமல் எழுதுங்கள். வழிகாட்டும் ஆசிரியர்களும் அந்தப் பத்திக்கு மார்க் போடட்டும்.