இலையின்றி வாழும் செடிகள்

பங்குனி ஞாயிறொன்றில் குழந்தைகளுடன் டில்லி ரிட்ஜ் காட்டிற்குச் சென்றோம். அங்கே கரீல் புதரொன்று இலையின்றிச் செங்கல் நிறப் பூக்களுடன் நின்றது; பச்சைத் தண்டே அதற்கு உணவு சமைக்கிறது.

"இப்படி வேறு செடியும் உண்டா, அப்பா?" என்றான் மகன். மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள டீனியோபில்லம் என்னும் சிறு ஆர்க்கிட்டைப் பற்றிக் கூறினோம். 1825-இல் புளூம் என்பார் சூட்டிய அப்பெயருக்கு 'நாடா இலை' என்பது பொருள்; இலையோ கிடையாது. மரப்பட்டையைப் பற்றிய பச்சை வேர்களே வெயிலில் உணவு சமைக்கும், மழைநீர் பருகும். தாங்கும் மரத்தை அது உறிஞ்சுவதில்லை.

"டில்லியில் வளருமா?" என்றாள் மகள். இவ்வறண்ட காற்றில் பிழைக்காது, ஈரமலையே அதன் வீடு என்றோம்.

"நாம் பிழைக்கிறோமே!" என்றாள். விடை கூறாது கரீலைச் சுட்டினோம். அதன் வேர் மண்ணில் ஆழச் செல்வது. அடுத்த விடுமுறையில் அந்த ஆர்க்கிட்டைப் பறிக்காமல் காட்டுவதாக வாக்களித்திருக்கிறோம்.