கையசைவில் ஓடும் கடிகாரம்

ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த கூலிம் வட்டாரத்தில், நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்காவாக 1996-இல் திறக்கப்பட்டது கூலிம் ஹைடெக் பூங்கா. அங்கே ஒரு தொழிற்சாலையில் பொறியாளனாகப் பணியாற்றும் என் மகன், சென்ற தீபாவளிக்கு எனக்கொரு பரிசு கொணர்ந்தான். சிறிய கறுப்புப் பெட்டி. உள்ளே மெத்தென்ற திண்டு. அத்திண்டில் கைக்கடிகாரத்தைப் பூட்டி விசையை அழுத்தினால், அது மெல்லச் சுழலும், சற்று நிற்கும், மீண்டும் சுழலும். இவ்வாறு நாளொன்றுக்குச் சில நூறு சுற்று. ‘வைண்டர்’ என்பது அதன் பெயர்.

என் தந்தையாரின் செய்க்கோ 5 கடிகாரத்திற்காகவே அதை வாங்கியிருந்தான். பால்மரம் வெட்டிய அவர் வாழ்நாளில் தமக்கென வாங்கிய ஒரே ஆடம்பரப் பொருள் அக்கடிகாரம். 1963-இல் ஜப்பானில் அறிமுகமான அவ்வகைக்கு நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டியதில்லை, மின்கலமும் வேண்டா. உள்ளே அரைவட்ட எடைத்தகடு ஒன்றுண்டு. அணிந்தவர் கையசைக்குந்தோறும் அது சுழன்று சுருள்வில்லை முறுக்கும். முறுக்கு நிறைந்தபின் வில்லின் முனை வழுக்கிக்கொடுக்கும். ஆதலால் மிகுதியான அசைவாலும் வில் அறுந்துவிடாது. கழற்றி வைத்தாலோ, ஏறத்தாழ 40 மணி நேரத்தில் நின்றுவிடும்.

தந்தையார் காலத்தில் அது நின்றதில்லை. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மரத்துக்கு மரம் நடந்து, மங்கு துடைத்து, பால்வாளி சுமந்த கையல்லவா அது! 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் 30 நிமிடம் முன்னே தள்ளப்பட்டபோது, தொடக்கப்பள்ளி மாணவனாயிருந்த என்னிடம் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். “நீயே திருப்பி வையி, ஐயா. படிச்ச பிள்ளை நீதானே” என்றார். மணி பார்க்க மட்டும் பழகியிருந்த அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அவர் மறைந்தபின் கடிகாரம் என் அலமாரியில் உறங்கியது. நினைவுநாளில் எடுத்து அசைப்பேன். இரண்டொரு நாள் ஓடி நின்றுவிடும். அதைக் கண்டு வருந்தியே மகன் இப்பெட்டியை வாங்கினான். கூலிம் நகரில் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் காட்டினேன். “நிலவின் பிறையும் நாட்காட்டியும் காட்டும் சிக்கலான கடிகாரத்துக்கு வைண்டர் உதவும். இதற்கு எதற்கு, சார்? அசைத்து முள்ளைத் திருப்ப ஒரு நிமிடம் போதும். அணிந்தால் அதுவும் வேண்டாம்” என்றார்.

பெட்டியுடன் ஒரு வாழ்த்தட்டையும் இருந்தது. “அப்பா, தாத்தா கடிகாரம் இனிமேல் நிற்காது” என்று எழுதியிருந்தான். சொற்கள் தமிழ், எழுத்துகளோ உரோமன்.

ஆசிரியப் பெருமக்களே, இதை எழுதக் கை கூசுகிறது. பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் பேசிப் பேசித் தொண்டை வறண்டவன் நான். ஆசிரியர் பயிற்சியில், தாய்மொழியே கல்வியின் வாயில் என்று பக்கம் பக்கமாக எழுதியவன். ஆயினும் 2005-இல் என் மகனை வேற்றுமொழிப் பள்ளியில் சேர்த்தேன். அவன் எதிர்காலத்திற்காக என்று மனைவியிடம் சொன்னேன். உள்ளே இருந்தது அச்சம். என் தந்தைக்குத் தமிழ் எழுதத் தெரியாமற் போனது வறுமையால். என் மகனுக்குத் தெரியாமற் போனது என்னால்.

இரண்டு வாரம் அப்பெட்டி என் மேசையில் சுழன்றது. நேரம் பிசகவில்லை, அதைப் பார்க்கத்தான் எவருமில்லை. பேச்சுப் போட்டிக்கும் கலைவிழாவுக்கும் நாம் சுழலவிடும் தமிழை நினைத்துக்கொண்டேன். அதுவும் நிற்பதில்லைதான், எவர் கையில் ஓடுகிறது?

அடுத்த ஞாயிறன்று கடிகாரத்தைத் திண்டிலிருந்து கழற்றி, மகனின் கையில் கட்டினேன். “நீ போட்டுக்கோப்பா. தமிழ் எழுதவும் கத்துக்கிறியா? நான் சொல்லித் தர்றேன்” என்றேன். அவன் சிறிது நேரம் கடிகாரத்தையே பார்த்தான். “இதை முன்னமே கேட்டிருக்கலாம்பா” என்றான். அதற்கு என்னிடம் விடையில்லை.

இப்போது ஞாயிறுதோறும் வருகிறான். ‘தாத்தா’ என்று எழுதிவிட்டான், ‘ற’கரத்தில்தான் இடறுகிறான். பெட்டி அலமாரியில் இருக்கிறது. கடிகாரம் அவன் கையில் ஓடுகிறது.