சாத்தானின் சவப்பெட்டி

அமெரிக்காவின் நியூ ஜேர்சிக் கரையோரத்தே பார்னிகற் என்னும் நீண்ட களப்பொன்று உண்டு. பல இடங்களில் ஆழம் முழங்காலளவே. குளிர்காலத்தில் வந்திறங்கும் காட்டுத் தாராக்களை நாடுவோனுக்கு ஆங்கே வேண்டுவது வேகமன்று, மறைவே.

வெஸ்ற் கிறீக் ஊரிற் படகு கட்டிய ஹேசல்ற்றன் சீமன் 1836ஆம் ஆண்டளவில் இதற்கு வழி கண்டார். 12 அடி நீளம். வாயோடு வாய் பொருத்திய இரு கரண்டிகளின் வடிவம். சில அங்குல நீரிலும் மிதக்கும். தளத்தின்மேற் புல்லைப் பரப்பி வேடன் உள்ளே கிடந்தால், தாராக்களின் கண்ணுக்கு அது வெறும் புற்றிடலே. ‘சாத்தானின் சவப்பெட்டி’ என்று பெயரிட்டார் சீமன். அச்சமற்ற மனிதர் போலும்! களப்பு மக்களோ ‘பதுங்கு பெட்டி’ என்றனர்.

காற்றெழுந்து களப்புக் குமுறினும் வளைந்த தளத்தில் அலை தங்காது வழிந்துவிடும். 1875இன் இறுதியில் நத்தானியல் பிஷப் என்பார் இத்தகைய படகொன்றில் பிற்ஸ்பேர்க்கிலிருந்து புறப்பட்டு, ஒகையோ, மிசிசிப்பி நதிகளின் வழியே மெக்சிக்கோ வளைகுடாவரை தனியே துடுப்பு வலித்தார். இரவில் அவர் உறங்கியதும் அந்தச் சவப்பெட்டியினுள்ளேதான்.