வில்லில் பொறித்த ஆண்டு

பழம்பொருள் திரட்டுவோரிடம் பொதுவாக ஒரு குறை காணப்படும். தாம் காண விரும்பும் காலத்தையே பொருளின்மீது கண்டுவிடுவர். அமெரிக்காவின் பழைய வேட்டை விற்களைத் தேடித் திரட்டுவோர் சிலர் இதற்குச் சான்றாவர்.

'ரிகர்வ்' எனப்படும் இவ்விற்களின் முனைகள் வில்லாளனுக்கு எதிர்ப்புறமாக வளைந்திருக்கும். மெல்லிய மரத் தகடுகளையும் கண்ணாடி இழையையும் அடுக்கடுக்காக ஒட்டி அவற்றைச் செய்தனர். பிரெட் பேர் (1902–1988) என்பாரின் தொழிற்சாலை, மிச்சிகன் மாநிலத்துக் கிரேலிங் என்னும் சிற்றூரில் 1947 முதல் இயங்கியது. அங்கே பிறந்த 'கோடியாக்' போன்ற விற்களுக்கு இன்றும் நாட்டம் மிகுதி.

அவ்விற்கள் பலவற்றில் காப்புரிமை எண்ணை அடுத்து 'கனடா 1953' என்று காணப்படும். புதிதாகத் திரட்டத் தொடங்கியவர் துள்ளிக் குதிப்பது இங்கேதான். 1953ஆம் ஆண்டு வில் கிடைத்துவிட்டது என்று உற்றார்க்கெல்லாம் அறிவித்துவிடுவார். உண்மையில் அது கனடா நாட்டுக் காப்புரிமையின் ஆண்டு. அறுபதுகளில் செய்த வில்லிலும் அதே சொற்கள் இருக்கும். விற்பவர் அறியாமல் சொன்னால் பிழை. அறிந்தே சொன்னால் அதற்கு வேறு பெயர் உண்டு.

சரியான சான்று வேறிடத்தில் இருக்கிறது. கைப்பிடியில் மரத்தோடு மட்டமாகப் பதித்த காசு போன்ற வட்டத்தை நோக்க வேண்டும். 1959இல் அது அலுமினியம். பின்னர்ச் செம்பு, ஈயக்கலவை, பித்தளை, நிக்கல் வெள்ளி என மாறி வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் மட்டமான காசு போய், மேலெழுந்த வட்டம் வந்தது. 1965 முதல் 1969 வரை தொடர் எண்ணின் முதல் இலக்கமே ஆண்டைக் காட்டும்; 7 எனில் 1967. ஊர்ப்பெயர் கெயின்ஸ்வில் என்றிருந்தால் ஐயமே வேண்டா. தொழிற்சாலை புளோரிடாவுக்குப் பெயர்ந்தது 1978இல்.

இத்தனை சான்றுகளையும் ஒரு மாலைப்பொழுதில் அழித்துவிடலாம். பளபளப்பு வேண்டி உப்புத்தாளால் தேய்த்தால், பழைய மெருகோடு தண்டின்மேல் எழுதிய எண்களும் போய்விடும். ஆண்டு மட்டுமா போகிறது? நாணை 28 அங்குலம் இழுக்க எத்தனை இராத்தல் விசை வேண்டும் என்ற குறிப்பும் போகிறது. அழகுபடுத்தினேன் என்பார், ஊமையாக்கினார் என்பதே பொருந்தும்.

கப்பிகள் பூட்டிய புதுவகை வில்லுக்கு ஆலன் என்பார் 1969இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் வேட்டையாளர் பலர் பழைய விற்களைப் பரணிலும் கார்க் கொட்டகையிலும் போட்டுவிட்டனர். வெப்பம் பசையை இளக்கும். ஒரு முனையைச் சார்த்தி ஆண்டுக்கணக்கில் நிறுத்தினால் தண்டு முறுக்கிக்கொள்ளும். ஆதலால் நாணேற்றுமுன் ஒட்டுகள் விட்டிருக்கின்றனவா என விளிம்பு முழுவதும் தடவிப் பார்க்க வேண்டும். கீறல் ஒன்று கண்ணில் பட்டாலும் சுவரில் மாட்டிவிடுவதே அறிவு. முகத்துக்கு நேரே ஒரு முழத் தொலைவில் முறியும் பொருள் அன்றோ அது!

பழுதற்ற வில்லுக்கும் டாக்ரான் நாணே ஏற்றது. நீட்சியில்லாப் புதிய இழை நாண், அதைத் தாங்க வலுவூட்டப்படாத பழைய முனைகளைப் பிளந்துவிடும். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடுவதும் அவ்வாறே. பழைய வில்லைக் கண்டதும் சிறுவர் முதலில் செய்வது அதைத்தான். பெரியவர் பலரும் அதையே செய்கின்றனர்.